அவர்கள் பாடவில்லை

முதல் நாள் அக்கா என் கையில் ஒரு உப்புப் பொட்டலத்தைத் திணித்தார். துணியில் முடிந்து லேசாக நனைத்திருந்தார். "அட்டை ஏறுச்சுன்னா இதை வச்சு ஒத்து, தானா விழுந்துரும்" என்றார். போடிநாயக்கனூரிலிருந்து மலைமேலுள்ள ஏலத்தோட்டத்துக்குக் கூலிப்பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பு அது. அதற்கு ஆள் சேர்ப்பவர், சிலமலைக்காரரான அந்த அக்கா. தன் தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார்.

எழுத்துதான் என் பிழைப்பு. தெரியாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்த ஊரிலேயே அறையெடுத்துத் தங்கிவிடுவேன். ஒரு நாவலுக்காக அங்கே போனபோது, ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கும் என்று நினைத்திருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. செடியின் அடித்தூரை விலக்கி, மண்ணோடு படர்ந்து காய்த்துக் கிடந்த சரத்தைக் காட்டினார். மூன்று வாரம் தினமும் கூடவே போனேன். மதியம் எல்லோரும் சாப்பிடும்போது, எழுதியதைப் படித்துக் காட்டுவேன். அவர் தப்பென்று சொன்னதை அங்கேயே அடித்துவிடுவேன்.

பெண்கள் பாடிக்கொண்டே காயெடுப்பதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைக் கேட்டதும் அக்கா சாப்பாட்டை நிறுத்தினார்.

"எவ பாடுறா? ஒரே சரத்துல வெளஞ்சதும் பிஞ்சும் சேந்து கெடக்கும். நெனப்பு வேற பக்கம் போனா கை பிஞ்சைப் பிச்சுரும், தாயி."

அந்தப் பக்கத்தையும் அடித்தேன். ஆனால் சென்னைக்குத் திரும்பி, பேச ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து திருத்தியபோது அத்தியாயம் வறண்டு கிடப்பதாகத் தோன்றியது. பாட்டைத் திரும்பச் சேர்த்தேன். யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு சிலமலைக்குப் போனேன். அக்காவின் மகள் சத்தமாகப் படித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு வந்த இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் படித்து நிறுத்தியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நாங்க இல்லையே. எங்க சோலியக் கேட்ட, சொன்னேன். அதை விட்டுட்டு நீயா ஒண்ணைப் போட்டுக்கிட்டா, நான் எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். அந்தப் பாட்டைப் பாராட்டித்தான் வாசகர்கள் அதிகம் எழுதினார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் பாதியில் மடித்து வைத்தேன். இரண்டு முறை அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மலைக்கு வரலாமா என்று கேட்டபோது ஜீப்பில் இடமில்லை என்றார்.

இந்த வருடம் வேறு வேலையாகப் போடிக்குப் போயிருந்தேன். விடிகாலையில், புறப்படத் தயாராக நின்ற ஜீப்பில் அக்காவைப் பார்த்தேன். முன்னைவிட மெலிந்திருந்தார். அருகே போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கீகளா? வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காகளா? சாப்ட்டுப் போங்க, என்ன."

மலையில் இருந்த நாளெல்லாம் என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர் அவர். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் ஜீப்பு கிளம்பிவிட்டது.