இறால் தடவும் கனகராஜ்

ஒரு சித்திரை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்த ஷாஹுல் பாய், செருப்பைக் காணாமல் திகைத்து நின்றார். எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான். தார் ரோடு தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் படியோரம் வார் தைத்த பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, தம் கால் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பதைப் பார்த்தார். போட்டுக்கொண்டு மந்தைவெளியிலுள்ள தம் மெத்தைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சாயங்காலம் கனகராஜ் இறால் கூடையோடு கடை வாசலைத் தாண்டிப் போனார். வெறுங்கால். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மறுநாள் பாய் செருப்பைக் கொண்டுபோய் நீட்டினார். "இது என்னுது இல்ல பாய்" என்று கனகராஜ் வாங்கவே மறுத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மேல்தான் ஷாஹுல் பாய்க்கு இரண்டு வருஷம் வயிறு எரிந்தது.

கனகராஜுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால் அடையாற்று முகத்துவாரத்திலிருந்து பிரிந்து வரும் ஓடையில், மார்பளவு தண்ணீரில் மண்டிபோட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் பல்லில் கடித்திருக்கும் ஓலைப்பைக்குள் போடுவார். மனைவி இறந்து வெகுநாளாயிற்று. ஒரே மகளைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். ஓடையின் வாயோரம் அவர் குடிசை. அதே ஓடையின் உள்கோடியில் ஷாஹுல் பாயின் தெரு. ஐப்பசி பிறந்தால் குப்பை அடைத்த ஓடை மழைத்தண்ணீரைத் தெருவுக்குள் தள்ளும். வீட்டில் அடுக்கியிருக்கும் இலவம்பஞ்சு ஊறி நாறும்.

தொண்ணூற்றாறில் கடலோரச் சதுப்பு நிலங்களில் அலையாத்திச் செடி நட்டுச் சீர்படுத்த ஒரு திட்டம் வந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த ஸ்ரீனிவாசராகவன் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பாய்க்காக மனுவை அவர்தான் எழுதினார்.

"பணம் டெல்லிலேர்ந்து வரது பாய். இங்க இருக்கறவா மனுவ வாங்கி மார்க் போடுவா. நம்ம பக்கத்துக்கு ஒரே ஒரு இடம்தான். எடம் புறம்போக்கா, கடல் ஜலம் ஏறி எறங்கறதா, அக்கம்பக்கத்து ஜனங்க ஒடம்பால உழைப்பாளா, மூணு வருஷம் யார் பாத்துப்பான்னு எல்லாம் கேட்டிருக்கா. பணமும் ஒரேயடியா வராது. நட்ட செடி பொழைச்சாத்தான் அடுத்த தவணை."

"எல்லாத்துக்கும் ஆமான்னு போடுங்க சாமி."

இரண்டு நாள் கழித்து, அதே பேனாவால் கனகராஜுக்கும் அவர் மனு எழுதிக் கொடுத்தது பாய்க்குத் தெரியவந்தது.

"இறால் தடவறவனுக்கு மனு இன்னாத்துக்கு சாமி?"

"கேட்டான், எழுதிக் குடுத்தேன். உமக்கும் அப்படித்தானே குடுத்தேன்?"

அன்றைக்கு விழுந்தது முதல் பொறி.

ஏழு மனுவில் ஐந்து கழிந்தன. மிஞ்சியவை ஓடையின் இரண்டு முனைகள்தான். நேரில் பார்க்க ஓர் அதிகாரியும் ஒரு பேராசிரியரும் திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல் ஷாஹுல் பாய் ஏற்பாடு செய்தார். கோரையை அறுத்தார். சேற்றின் மேல் ஆற்று மணல் கொட்டினார். கரையோரம் கல் வைத்து வெள்ளையடித்தார். சாமியானா பந்தல் போட்டார். நாற்றத் தண்ணீர் ஏறி வராமலிருக்க தம் பக்கத்து ஓடையின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கினார்.

ஞாயிறு சாயங்காலம் கனகராஜ் வந்து நின்றார்.

"இன்னா பாய், தண்ணி வர்ற வழிய அடச்சிட்டே?"

"பெரிய மனுசங்க வர்றாங்க. சேறு நாறினா மூஞ்சி சுளிக்க மாட்டாங்க?"

"அவங்க பாக்க வர்றதே சேத்தத்தான். மூட்டைய எடுத்துடு."

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் பக்கம் நாறணும், உன் பக்கம் மணக்கணும். நல்லாக் கீது நைனா உன் ஐடியா! போ, போய் உன் வேலயப் பாரு."

கனகராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பந்தலை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் பேராசிரியர் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்க?"

"தண்ணியே வராதபடி பண்ணிட்டேன் சார்!" என்றார் பாய், பெருமையாக.

பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். நன்னாரி சர்பத்தைக் குடித்துவிட்டு இருவரும் ஓடையின் வாய்க்குப் போனார்கள். அங்கே உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. கனகராஜ் அதிகாரியின் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, கையைப் பிடித்துச் சேற்றுக்குள் இறக்கினார். ஒரு நண்டைப் பிடித்து அவர் உள்ளங்கையில் விட்டார். பந்தலில் பல்லைக்கூடக் காட்டாத அதிகாரி அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். தூரத்தில் நின்று பார்த்த பாய்க்கு அந்தச் சிரிப்பு காதைச் சுட்டது.

கனகராஜின் இடம் தேர்வாயிற்று. அவர் பேரைப் போட்டுப் போர்டும் நட்டார்கள். அந்தப் போர்டு கண்ணில் படக்கூடாதென்று பாய் சுற்றுவழியில் போய்வந்தார். நெற்றியைத் தரையில் வைத்துத் தொழும்போதும் அலையாத்திக் கன்றுகள்தான் கண்ணில் நின்றன. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பார். அடுத்த தொழுகை வக்துக்கு அதே எரிச்சல்.

"செடியெல்லாம் பட்டுப்போச்சாமே சாமி?" என்று ஒருநாள் ஆசையோடு கேட்டார்.

"யார் சொன்னா? முக்காவாசி நன்னா பிடிச்சுண்டுடுத்து. ரெண்டாந்தவணையும் வந்தாச்சு."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஐப்பசியில் கனகராஜின் ஆட்கள் ஓடையின் வாயைத் தூர்வாரியிருந்ததால், மழைத்தண்ணீர் பாயின் மணல் மூட்டைகளையும் தாண்டி, தெருவில் நிற்காமல் வடிந்தது. முதல் தடவையாகப் பஞ்சு நனையவில்லை. தெருவே சந்தோஷப்பட்டது. பாய்க்கு அதுவும் பொறுக்கவில்லை. இதுவும் அவன் தயவிலா! ஆனாலும் ஒருநாள் விடியலில் தனியாகப் போய், மக்கிக் கிடந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் போட்டார். மத்தியானத்துக்குள் தண்ணீர் ஏறி வந்தது. கூடவே நாலு குட்டி நண்டும்.

தொண்ணூற்றெட்டில் கனகராஜுக்கு முட்டி விட்டுப்போயிற்று. இனிமேல் சேற்றில் மண்டிபோட முடியாதென்று ஆனதும் மகளோடு இருக்கக் கிளம்பினார். ஷாஹுல் பாய் இலவம்பஞ்சில் சின்னத் தலையணை ஒன்று தைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ஜன்னல் வழியாக அதை நீட்டினார்.

"ரெண்டு வருசமா உன்னப் பாத்தாலே எனக்கு ஆவல கனகராஜு. மனசுல வச்சிக்காத" என்றார்.

கனகராஜ் தலையணையை மடியில் வைத்துத் தடவினார். பஸ் உறுமத் தொடங்கியது.

"எனக்கு மட்டும் இன்னாவாம்? அன்னிக்கு உன் பந்தலு, வெள்ளக் கல்லு எல்லாம் பாத்ததும் எனக்கும் பத்திக்கினு வந்துச்சு பாய். மூட்டைய எடுன்னு ஒரு தபா சொல்ல மனசு வந்துச்சு. ரெண்டாந்தபா சொல்ல வரல."