முத்திரையம்மாவும் சிவப்பு எண்களும்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் தரைத்தளத்தில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு சன்னல் உண்டு. தபால் பிரிவு. யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் முதலில் அங்கேதான் கொடுக்க வேண்டும். அந்தச் சன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளை மேலதிகாரி முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் முத்திரையம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உறையைக் கிழிப்பாள், கடிதத்தை விரிப்பாள், தலைப்பில் எந்தப் பிரிவு என்று மட்டும் பார்ப்பாள், 'பெறப்பட்டது' என்று ஒரு குத்து குத்துவாள். தேதி, எண், தட்டு. அடுத்த ஆள்.

கடிதத்தைப் படிக்க மாட்டாள். அதில் அவளுக்கு ஒரு கொள்கையே இருந்தது. "எனக்கு வந்த கடிதமா? இல்லையே. நான் எதுக்குப் படிக்கணும்?" என்பாள். சன்னலில் நின்று தன் வீட்டுக் குழாயில் எட்டு நாளாகத் தண்ணீர் வராத கதையை ஆரம்பிக்கும் ஆட்களை ஒரே பார்வையில் நிறுத்திவிடுவாள். கேட்கும் வேலை வேறு பிரிவில் நடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் மேசையில் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கடிதம்கூட அங்கே இரவு தங்கியதில்லை என்பதைச் சமயம் கிடைத்தபோதெல்லாம் சொல்லிக்கொள்வாள், சமயம் கிடைக்காதபோதும் சொல்லிக்கொள்வாள்.

கம்ப்யூட்டர் வந்தது. கடிதத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றினாள். ஏற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முத்திரையும் குத்தினாள். "முன்னாடி கிளார்க் லீவு போட்டா வேலை நிக்கும். இப்ப சர்வர் லீவு போடுது. லீவு லெட்டர் யாரு தர்றது?" என்று கேட்டாள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஓர் எண், ஒரு குறி எல்லாம் வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்தவரிடம், "எங்க வீட்டு பீரோ சாவிக்கே இத்தனை பல்லு கிடையாதுங்க" என்றாள். பிறகு அந்தப் பாஸ்வேர்டை மேசைக் காலண்டரின் பின்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தாள்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஸ்டியரிங்கை விட்ட கை மறுநாளே போனைப் பிடித்துக்கொண்டது. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார், சங்கத்துக்கு ஒரு குரூப் ஆரம்பித்தார், மனைவிக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்து அவள் கேட்காமலே ஆறு குரூப்பில் சேர்த்துவிட்டார். சொந்தக்காரர்கள் குரூப்பில் மட்டும் முப்பத்திரண்டு பேர். பொழுது விடியுமுன் ரோஜாப்பூ, சூரியன், ஆவி பறக்கும் டீக்கோப்பை என்று காலை வணக்கங்கள் வந்து குவியும். யார் அனுப்பினார்கள் என்று அனுப்பியவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான்.

முத்திரையம்மாவுக்கு அந்தப் பூக்கள் தொந்தரவு இல்லை. குரூப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு எண்தான் தொந்தரவு. நாற்பத்தொன்று, பதினெட்டு, அறுபத்து மூன்று. அவள் கண்ணுக்கு அது மேசையில் தேங்கிய தபால். காலையில் எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்ததும் போனை எடுப்பாள். குரூப்பைத் திறப்பாள், கீழே போகும் அம்புக்குறியை அழுத்துவாள், கடைசிப் பூ தெரிந்ததும் மூடுவாள். அடுத்த குரூப். தண்ணீர் கொதிப்பதற்குள் ஆறும் முடிந்துவிடும். ஒரு சிவப்புகூட மிச்சம் இருக்காது. ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டாள். பத்து மணிக்குப் போன் அலுவலக மேசையின் இழுப்பறைக்குள் போனால், ஐந்து மணிக்குத்தான் வெளியே வரும்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக இருந்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவள் அப்பா தம்பி வீட்டில் இருந்தார். பஸ்ஸில் நான்கு மணி நேர தூரம். நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். இரண்டு நாளில் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பாவும் எழுந்து உட்கார்ந்து, மருத்துவமனைத் தலையணையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குறை சொன்னால் தேறிவிட்டார் என்று அர்த்தம். நிம்மதியாகத் திரும்பினாள். புதன்கிழமை ஐந்து மணிக்கு இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தபோது பதினான்கு அழைப்புகள் தவறியிருந்தன. முதல் அழைப்பு பன்னிரண்டேகாலுக்கு வந்திருந்தது. அப்பா பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டிருந்தார்.

அவள் போய்ச் சேரும்போது ராத்திரி பத்து. வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். "வந்துட்டியா" என்றான். உள்ளே போய்விட்டான். அதற்கப்புறம் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேசாதது அவன் மட்டும் இல்லை, அவளும்தான். திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவள் சொந்தக்காரர்கள் குரூப்பை முதல்முறையாக மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். புதன்கிழமை காலை ஐந்து நாற்பத்தேழுக்குத் தம்பி எழுதியிருந்தான்: 'அப்பாவுக்கு ரொம்ப முடியல. உடனே வரவும்.' அதற்கு மேலே ஒரு மஞ்சள் ரோஜா. கீழே ஒரு சிவப்பு ரோஜா. கீழே இருந்ததை அனுப்பிய சித்தப்பாவும் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை போலும். பெற்ற அப்பா சாகக் கிடக்கிறார், கூடப் பிறந்தவளுக்கு ஒரு போன் போட முடியவில்லை, இரண்டு பூவுக்கு நடுவே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கோபத்தை அவள் இறக்கி வைக்கவே இல்லை. கூப்பிட வேண்டியது அவன், அவனே கூப்பிடட்டும் என்று இருந்தாள். மூன்று வருடம் போனது. தம்பி பெண்டாட்டி மட்டும் விசேஷ நாட்களில் பேசுவாள். சாப்பாடு ஆச்சா, மழை உண்டா, அவ்வளவில் முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டார் பழுது, தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கவும் என்று வீட்டுக்காரர் குடியிருப்புக் குரூப்பில் போட்டிருந்தார். ஒருவரும் பதில் போடவில்லை. மூன்றாவது மாடிக்காரர் மட்டும் பால்கனியில் நின்று ஸ்கூட்டருக்கு ஆற அமரத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு இன்னும் பாக்கல போல" என்றாள் முத்திரையம்மா, துணி மடித்துக்கொண்டே.

"யாரு, இவரா? நல்லா பாத்திருக்காரு. கமுக்கமா இருக்காரு. இங்க வா." வீட்டுக்காரர் தன் செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். என்னவோ ஒன்றைத் தட்டினார். ஒரு பட்டியல் வந்தது. "பாரு. மூணாவது மாடி, ஏழு நாப்பது. டீச்சரம்மா, ஏழு அம்பத்தஞ்சு. யாரு படிச்சாங்க, எத்தனை மணிக்குப் படிச்சாங்க, அத்தனையும் வந்துடும். என்கிட்டயேவா?"

அவள் கையில் ஒரு சட்டை பாதி மடித்தபடி இருந்தது.

"எல்லா குரூப்லயும் இப்படித் தெரியுமா?"

"அனுப்பின ஆளுக்குத் தெரியும்."

"படிக்காம சும்மா தொறந்து மூடினா?"

"தொறந்தாலே படிச்சதாதான் கணக்கு. அதுக்கு என்ன தெரியும், நீ படிச்சியா இல்லையான்னு?"

சட்டையை அவள் மடித்து முடித்தாள். அடுத்ததையும் எடுத்து மடித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, காலையிலேயே? எல்லாரும் நல்லாதானே இருக்கீங்க?"

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னைக்குக் காலையில அவன் குரூப்ல போட்டானே, அதை நான் பாத்ததா அவன் போன்ல காட்டுச்சா?"

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"ஆறு பன்னெண்டு" என்றாள் தம்பி பெண்டாட்டி.

மூன்று வருடம் கழித்து, யோசிக்காமல், நிமிடத்தோடு சொன்னாள்.

"உங்களுக்குப் போன் போடத்தான் எடுத்தாரு அண்ணி. அதுக்குள்ள நீங்க பாத்துட்டதா வந்துடுச்சு. சரி, அக்கா பாத்துட்டா, பஸ்ஸுக்குக் கிளம்பிட்டு இருப்பா, இப்ப எதுக்குத் தொந்தரவுன்னு வெச்சுட்டாரு. மாமா உங்களைக் கேட்டுட்டே இருந்தாரு. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு. பாத்துட்டாப்பா, வந்துட்டே இருக்காப்பான்னு இவரு சொல்லிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு. அப்புறம் பாத்தா நீங்க ஆபீஸ்ல இருந்திருக்கீங்க."

"நீயாவது என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"எப்படி அண்ணி கேக்கறது? பாத்துட்டும் ஏன் வரலைன்னா? நாக்கு வரல."

முத்திரையம்மாவுக்கு அன்று முழுக்க, துக்கம் என்று சொல்வதைவிட, கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. அவள் முத்திரை குத்தியிருக்கிறாள். தேதியும் நேரமும் போட்டு, அப்பாவின் மேலேயே 'பெறப்பட்டது' என்று குத்திவிட்டு டீ வடிகட்டப் போயிருக்கிறாள். சன்னலில் கடிதம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கும் ஆட்கள் அந்த முத்திரையைத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் போகிறார்கள். பார்த்துவிட்டார்கள் என்று நம்பிப் போகிறார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் அதைப் பற்றி நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை தம்பிக்கு ஒரு செய்தி எழுதினாள். வாழ்க்கையில் அவள் போனில் எழுதிய முதல் நீளமான செய்தி. முதலில் 'பொருள்' என்று ஆரம்பித்து, அலுவலகக் கடிதம் போல வருகிறதே என்று அழித்தாள். மறுபடி எழுதினாள். சிவப்பு எண்ணைப் பற்றி, அம்புக்குறியைப் பற்றி, டீத்தண்ணீரைப் பற்றி. எழுத எழுதச் சாக்குப்போக்கு போலத்தான் இருந்தது. அப்படியே அனுப்பினாள். அன்று ஆறு குரூப்பையும் அவள் திறக்கவில்லை. சிவப்பெல்லாம் அப்படியே கிடந்தது.

மத்தியானம் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். அலுவலகத்தில் யாரும் கண்டிராத காட்சி அது. செய்திக்குக் கீழே இரண்டு நீலக் குறி. பார்த்துவிட்டான். பதில் இல்லை. சாயங்காலமும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. படித்துவிட்டுத்தான் இப்படி இருக்கிறான், நம்பவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நம்பாததில் என்ன தப்பு, அவளாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். இனி இது தேறாது என்றே நினைத்துவிட்டாள்.

புதன்கிழமை பதினொன்றரைக்குச் சன்னலில் தண்ணீர் வராத கதையை ஆரம்பித்த ஒருவரை ஒரே பார்வையில் நிறுத்திவிட்டு, அவர் நீட்டிய கடிதத்தை வாங்கி விரித்து, முத்திரையைக் கையில் எடுத்தவள், நிறுத்தினாள். நீலக் குறி என்றால் படித்துவிட்டான் என்று அவளுக்கு யார் சொன்னது? உலகத்திலேயே அதை நம்பக் கூடாத ஒரு ஆள் இருந்தால் அது அவள்தான். போன் போட்டிருக்க வேண்டும் என்று மூன்று வருடமாகத் தம்பியைக் கரித்துக்கொட்டியவள், இப்போது தானே ஒரு செய்தியை எறிந்துவிட்டுக் குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் சன்னலில் நின்றவரிடம். இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள்.

நான்காவது மணி அடித்ததும் எடுத்தான்.

"அக்கா" என்றான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. வயது ஏறியிருக்கிறது.

"மெசேஜ் போட்டிருந்தேனே."

"பாத்தேன்."

"படிச்சியா?"

அவன் பக்கத்தில் எங்கோ லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம்.

"இல்லக்கா. உன் பேரைப் பாத்ததும் தொறந்துட்டேன். நீளமா இருந்துச்சு. என்னத்தை எழுதியிருக்கியோன்னு பயந்து மூடிட்டேன். அப்புறம் தொறக்கத் தைரியம் வரல."

"படிக்காத. நானே சொல்றேன்."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அன்று காலை அதைத் தான் படிக்கவே இல்லை என்று ஒரு வாக்கியத்தில் சொன்னாள். ஏன் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். சன்னலில் நின்றவர் தன் கடிதத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார், காதை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தம்பி கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். நம்ப மாட்டேன் என்பான் என்றும் எதிர்பார்த்தாள். அவன் வேறு எதையோ கேட்டான்.

"அப்ப, அக்கா வந்துட்டிருக்கான்னு நான் அப்பாகிட்ட பொய்யா சொல்லிட்டிருந்தேன்?"

அவன் அழுவது கேட்டது. ஐம்பது வயது ஆள், சின்ன வயதில் அழுத அதே மாதிரி, மூக்கை இழுத்து இழுத்து அழுதான்.

"பொய் இல்லடா" என்றாள் முத்திரையம்மா. "எனக்குத் தெரிஞ்சிருந்தா, அந்நேரம் பஸ்லதான் இருந்திருப்பேன்."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முத்திரை மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுக்காமல், விரித்த கடிதத்தைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா தண்ணி வரலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.