சாமி என்று முடியும் பெயர்

ஜிகினாக் காகிதம் கேட்டு வந்த அம்மாளின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் குமாரசாமி. பிறகு மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து, காலில் ஒட்டிய மண்ணை ஆராய்கிறார்.

"நீங்க வாழப்பாடிதானுங்களே?"

"இல்லீங்க, அயோத்தியாப்பட்டணமுங்க."

"ரோடு ஒண்ணுதானுங்களே! நான் ரோட்டைத்தான் சொன்னேன்" என்று வெற்றியோடு நிமிர்கிறார். ஜிகினா எடுத்துக் கொடுக்க மறந்துவிடுகிறார்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகளுக்கு நடுவே இருக்கிறது அவருடைய கைவேலைச் சாமான் கடை. பாசிமணி, பூவேலை நூல், மரச் சொப்பு, சாயப் பொம்மை என்று சரக்குக்குக் குறைவில்லை. பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவரேதான். துப்பறியும் நாவலை மடியில் விரித்துவைத்துக்கொண்டு எழுதுவதால், எல்லாப் பொம்மைகளும் யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டே விழிக்கின்றன. "முழி சரியில்லீங்க, கொழந்தை அழுவுது" என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "ஊட்டுல எதாச்சும் திருட்டுப் போச்சுங்களா?" என்று ரகசியமாகக் கேட்பார்.

அவருக்கு நெடுநாளாக ஒரே ஒரு குறை. துப்பறியத் தாம் தயாராக இருந்தும், அக்கம்பக்கத்தில் கொலையாகத்தான் ஆளில்லை. சென்ற மாதம் அந்தக் குறையும் தீர்ந்தது. எதிர் வரிசை மண்டிக்காரர் தங்கமுத்து, ஒரு விடியற்காலையில் தம் சரக்குக் கிட்டங்கி வாசலில் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தார். மூட்டை தூக்கும் காத்தான் ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடித்தபோது, "சாமி..." என்று ஒரே சொல் சொல்லிவிட்டு உயிரை விட்டார்.

போலீசார் திருதிருவென்று விழித்தார்கள். குமாரசாமி விழிக்கவில்லை. "சாவுற மனுசன் சும்மா பேச மாட்டானுங்க. அது கொலைகாரன் பேரு. மூச்சு வாங்குனதுல முன்பாதி வெளிய வரலை, பின்பாதிதான் வந்துச்சு" என்று ஏட்டு வேலுமணிக்கு விளக்கினார். வீதியில் சாமி என்று முடியும் பெயர்களை விரல் விட்டு எண்ணினார். அப்புசாமி வாதம் வந்து படுத்த படுக்கை. மிச்சம் இருந்தவன் வண்டிக்காரன் சின்னுசாமி. மண்டி வாசலில் மாட்டைக் கட்டிவிட்டு, முந்தின நாள்தான் தங்கமுத்துவோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான். ஏட்டுக்கும் யாராவது ஒருவன் வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் சின்னுசாமி லாக்கப்பில் இருந்தான்.

அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு. "தூக்குதானுங்க, சந்தேகமே இல்லை" என்றார் குமாரசாமி, பொம்மைக்குப் புருவம் தீட்டிக்கொண்டே.

நேற்றுச் சின்னுசாமியின் மனைவி சென்னியம்மாள் கடைக்கு வந்தாள்.

"ஏனுங்க சாமி, இந்தச் சீமையில யாரு யாரைச் சாமின்னு கூப்புடறதில்லை? பெத்த புள்ளையும் சாமிதான், பெரிய மனுசரும் சாமிதான். மண்டிக்காரரு காத்தானை ஒரு நாளாச்சும் பேர் சொல்லிக் கூப்புட்டிருக்காருங்களா? 'மூட்டையைத் தூக்கு, சாமி'ன்னுதானுங்களே சொல்லுவாரு! ஒரு வாய் தண்ணி கேக்கறதுக்கு அவனைக் கூப்புட்டிருப்பாருங்க. நீங்க வந்து ஏட்டய்யாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, எம்பட ஊட்டுக்காரரை உட்டுருவாங்க."

குமாரசாமி பூதக்கண்ணாடியை வேட்டியில் துடைத்தார். அவள் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் ஆயுளில் கிடைத்த ஒரே துப்பை எப்படி விடுவது?

"துப்பு துப்புதான், அம்மிணி. சாமின்னு பேரு இருந்தா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

சென்னியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க பேருலயும் சாமி இருக்குதுங்களே, சாமி?"

போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். குமாரசாமி அங்கே போகவில்லை. சின்னுசாமி இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

இன்று காலையில், ஏட்டு அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, கடை வாசலில் முக்காலியைப் போட்டு ஏறி நின்றார் குமாரசாமி. பொம்மைக்குக் கண் எழுதும் தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, பெயர்ப்பலகையில் 'குமார' என்பதை மட்டும் விட்டுவிட்டு, 'சாமி'யைப் பூசி அழித்தார்.