ஏழாவது விதி

ஆரணியில், ஆள்மேல் ஆள் ஏறி ஆடும் சியர்லீடிங் போட்டிக்கு நடுவராக வந்த ஓர் அம்மா, விசிலைக் கடித்தபடியே பேசுவார். ஒவ்வொரு சொல்லும் கீச்சென்று வரும். போட்டி நடத்தும் சங்கத்தின் புது விதிகள் காலையிலிருந்து அவர் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த நான் வாய்விட்டு எண்ணினேன். ஐந்தாவது, ரிப்பன் கூடாது. ஆறாவது, ரிப்பன் கட்டாயம். என் பேத்தி அவிழ்த்ததை மறுபடி கட்டிக்கொண்டு மூன்றடுக்கு மனிதக் கோபுரத்தின் உச்சியில் ஏறினாள். கீழே இருந்த மெத்தைகளையும் எண்ணிச் சொன்னேன்: பன்னிரண்டு.

அப்போது ஏழாவது வந்தது. எட்டிப் படித்தேன்: இரண்டடுக்குக்கு மேல் போனால் அணி நீக்கம்.

"இன்னா மேடம் இது? பொண்ணு ஏறிட்டாளே!"

"பேஜார் பண்ணாதீங்க பெரியவரே. இங்க சிக்னலே இல்ல, எனக்கு ஒண்ணும் வரல" என்று போனைப் பைக்குள் போட்டு, துள்ளித் துள்ளிக் கைதட்டினார்.

போன் பைக்குள் போகுமுன் பார்த்துவிட்டேன், சிக்னல் கோடு நாலும் முழுசாக இருந்தது. எண்ணியும் நான் வெளியே சொல்லாத கணக்கு அது ஒன்றுதான்.