அம்மா குடிக்காத பால்

எங்கள் வீட்டில் மூன்றே பேர். ஆனால் பால் விஷயத்தில் மூன்று கட்சி. அப்பாவுக்கு டின் பால். கெட்டியாக ஒழுகும் அந்த இனிப்புப் பாலை டீயில் விட்டு, கரண்டியை ஒட்ட நக்கிவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவார். எனக்குப் பவுடர் பால். கரைத்துக் குடிப்பதைவிட, அப்படியே உள்ளங்கையில் கொட்டி நக்குவதில்தான் எனக்கு ருசி. மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே வராது. யார் எது கேட்டாலும் 'ம்' தான். அம்மாவுக்கு எந்தப் பாலும் கிடையாது. கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

பால் பிடிக்காத ஆள் இல்லை அவள். பசும்பால் என்றால் உயிர். கல்யாணமாகி, அப்பாவோடு கப்பலேறி அந்தமானில் போர்ட் பிளேருக்கு வந்து, மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ் கிடைத்த முதல் வாரம் அப்பா ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்து காப்பி போடச் சொன்னாராம். அம்மா கரைத்தாளாம். டம்ளரை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே கொட்டிவிட்டாளாம்.

"மாட்டு மூஞ்சியையே பாக்காம வந்த பாலு. இதைக் குடிக்கதுக்குச் சுண்ணாம்பைக் கரைச்சுக் குடிக்கலாம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கவில்லை. எனக்குக் கரைத்துக் கொடுக்கும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கட்டி தட்டாமல் கரைப்பதில் மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சின்ன விழுது, பிறகுதான் மீதித் தண்ணீர். குடிக்காத பாலுக்கு அத்தனை பக்குவம்.

ஊரில் மாடே இல்லை என்று சொல்ல முடியாது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். இரண்டாம் நாளே அம்மா பாலை விரலில் தொட்டுப் பார்த்து, பாதி தண்ணீர், மீதியில் பாதி பவுடர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வாசலில் பெரிய சண்டை. அம்மாவுக்கு அப்போது இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருந்தாலும் ஒருவர் திட்டியது மற்றவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

நல்ல பசும்பால் வேண்டுமென்றால் பாம்பூஃப்ளாட்டுக்குத்தான் போக வேண்டும். சாத்தாமில் ஃபெரி ஏறி அக்கரையில் இறங்கி, உள்ளே நடந்தால் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. வருஷத்தில் பொங்கலுக்கு மட்டும் அப்பா தூக்குவாளியோடு போய் வாங்கி வருவார். அன்று அம்மாவின் முகமே வேறு. பானையில் ஊற்றியது போக மிச்சத்தைக் காய்ச்சி, ஆடையோடு ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு, அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடிப்பாள். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் எழுந்து வரமாட்டாள் என்று அப்பா கேலி செய்வார்.

எனக்கு அவள்மேல் எரிச்சலாக வரும். இந்தத் தீவில் பிறந்தவள் நான். எனக்குப் பால் என்றாலே டப்பாதான். கப்பல் பிந்திவிட்டால் கடைகளில் பவுடர் தீர்ந்துபோகும். அப்போதும் எங்களுக்கென்று ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருப்பார் கீழ்த்தெருக் கடைக்கார பாயின் மனைவி. காயல்பட்டினத்துப் பக்கத்துக்காரர், அக்கா என்பதற்கு நாங்களும் லாத்தா என்றே கூப்பிடுவோம். முந்தானைக்குள் மறைத்து அவர் கொண்டுவந்து தரும் டப்பாவை நான் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அதைப் போய் அம்மா சுண்ணாம்பு என்றால் எப்படி இருக்கும்? இப்போது யோசித்தால் அவள் வீம்பு புரிகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் அவள் பணிந்துவிட்டாள். மாதக்கணக்கில் விடாத மழைக்கு, பூசணம் பிடித்த புடவைகளுக்கு, "கியா பாவ்" என்று மீன்காரியிடம் விலை கேட்பதற்கு. பால் ஒன்றில்தான் பணியவில்லை. அதையும் குடித்துவிட்டால் தானும் இந்த ஊர்க்காரி ஆகிவிடுவோம் என்று பயந்தாளோ என்னவோ.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா படுத்தாள். முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு ஈரல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தாள். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பா கேட்டதற்கு, கப்பல் பயணத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கஞ்சி இறங்கவில்லை. கடுங்காப்பியும் வேண்டாம் என்றாள். அவள் காப்பியை வேண்டாம் என்ற அன்றுதான் நான் முதன்முதலாகப் பயந்தேன்.

ஒரு நாள் காலையில் அப்பா தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டார். "அக்கரைக்குப் போய்ப் பசும்பால் வாங்கிட்டு வாரேன். நீ அம்மா பக்கத்துலயே இரு, எங்கயும் போயிறாத" என்றார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். காலைப் பால் விற்றுத் தீர்ந்துவிட்டது என்பதும், மாட்டுக்காரர் சாயங்காலக் கறவைக்குத்தான் தர முடியும் என்று சொல்ல, கொட்டிலிலேயே உட்கார்ந்து அப்பா காத்திருந்தார் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மூன்று மணி வாக்கில் அம்மாவின் மூச்சு மாறியது. நான் ஓடிப்போய், மாசி என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை அழைத்து வந்தேன். மாசி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு லாத்தாவுக்கு ஆள் அனுப்பினாள். லாத்தா வந்தார். அம்மாவின் கண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எங்கள் ஆட்களில் உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றுவது வழக்கம். பெற்ற பிள்ளை முதலில் ஊற்ற வேண்டும், அதன் பிறகுதான் மற்றவர்கள். ஊரில் என்றால் சொந்தம் வரிசையில் நிற்கும். அங்கே சொந்தம் என்று இருந்தது நான் ஒருத்திதான். லாத்தாவுக்கு இது எல்லாமே தெரியும். எத்தனையோ தமிழ் வீடுகளில் கூட இருந்திருக்கிறார். அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து, பவுடரைக் கரைத்து, டம்ளரும் சின்னக் கரண்டியுமாக வந்தார்.

"ஒரு வாய் ஊத்தும்மா. நேரம் நெருங்கிட்டு."

நான் டம்ளரைப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த அந்த வாசனை வந்தது.

"வேண்டாம்" என்றேன். "அம்மாவுக்கு இது பிடிக்காது. அப்பா பசும்பால் வாங்கப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

"வரட்டும்மா. வந்ததும் அதையும் ஊத்துவோம். இப்ப இதுல ஒரு சொட்டு."

"வேண்டாம்."

மாசி என் தோளைத் தொட்டாள். "பேட்டி, தூத் தூத் ஹீ ஹை" என்றாள். எந்தப் பாலானால் என்ன மகளே, பால்தானே என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்களுக்கு என் அம்மாவைப் பற்றி என்ன தெரியும்? பதினைந்து வருஷம் தொடாததைக் கடைசியில், அவளால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாத நேரத்தில் வாயில் ஊற்றுவதா? கரண்டியைப் பிடித்திருந்த லாத்தாவின் கையை நான் தள்ளிவிட்டேன். கொஞ்சம் பால் பாயில் சிந்தியது. பெற்ற பிள்ளை ஊற்றாமல் மற்றவர்கள் ஊற்றக் கூடாது என்று லாத்தா ஒதுங்கி நின்றார்.

அம்மாவின் உதடு அசைந்தது. இரண்டு தடவை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து காதருகில் சொன்னேன், "அப்பா வந்துக்கிட்டே இருக்காங்கம்மா. பசும்பால். உனக்குப் பிடிச்ச பால்."

மறுபடியும் உதடு அசைந்தது. அப்புறம் அசையவில்லை. நாக்கு நுனி மேலுதட்டில் ஒட்டியபடியே இருந்தது. அதை லாத்தாதான் விரலால் மெல்ல உள்ளே தள்ளி வாயை மூடினார்.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். மழையில் நனைந்து, வாளியைச் சட்டைக்குள் அணைத்தபடி, ஒரு சொட்டு சிந்தாமல். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பாலை லாத்தாதான் வாங்கிக் காய்ச்சி வைத்தார். மறுநாள் அம்மாவை எரித்தோம். அடுத்த நாள் காடாற்றின்போது அப்பா அவள் சாம்பலின்மேல் தெளிக்கக் கொண்டுபோனது அந்தப் பாலைத்தான். புளித்து நாறியது. வேறு நல்ல பால் கிடைக்கவில்லை.

லாத்தாவும் மாசியும் நடந்ததைப் பற்றி அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அப்பாவே பால் கரைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கட்டி கட்டியாக மிதந்தது. நான் தொடவில்லை. அம்மா போனதிலிருந்து நான் பால் குடிப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்திருக்கிறார்.

"ஏன்ட்டி, குடி."

"வேண்டாம்பா. அம்மாவுக்குப் பிடிக்காது."

அப்பா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் அக்கரைக்குப் போனேம்லா, அதுக்கு முந்தின நாள் உங்கம்மா என்னைக் கூப்பிட்டா. 'ஏங்க, பிள்ளை டப்பாவைக் கட்டிக்கிட்டுக் கிடக்கே, அந்தப் பால்ல ஒரு வாய் கரைச்சுத் தாங்க. அப்படி என்னதான் ருசியா இருக்கும், பாப்போம்'னா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. உனக்கா, டப்பாப் பாலா, பொறு, நாளைக்குப் பசும்பாலே கொண்டு வாரேன்னு சொல்லிட்டேன். அவ ரெண்டாந் தடவையும் கேட்டா. இப்பக் கொஞ்சம் தாங்களேன்னு கேட்டா. நான்தான் கேக்கல."

அந்த உதடு என்ன கேட்டது என்று இனி நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்பா அழுதார். அதுவரை அழாதவர், சுடுகாட்டில்கூட அழாதவர், தோள் குலுங்க அழுதார். பிறகு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கடைசியில யாராவது அவளுக்கு ஒரு வாய் ஊத்துனீங்களா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஊத்துனோம்பா. லாத்தா கரைச்சுத் தந்தாங்க. நான்தான் ஊத்துனேன்."

"பவுடர் பாலா?"

"ஆமா."

"முழுங்குனாளா?"

"முழுங்குனா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "போதும்" என்றார். "போதும், அது போதும்." அன்று மத்தியானம் அவர் வயிறாரச் சாப்பிட்டார். அம்மா போன பிறகு அவர் மறுசோறு கேட்டது அன்றைக்குத்தான். நான் பரிமாறினேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து அவர் சாகும்வரை, சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அவர் திருப்தியோடு சொல்லும் சங்கதி அது ஒன்றுதான்: பெத்த மக கையால ஒரு வாய் பால் குடிச்சுட்டுத்தான் போனா. அவர் சொல்லும்போதெல்லாம் நான் அருகில் நின்று தலையாட்டுவேன்.