மகளின் வாட்ச்சில் சார்ஜ் தீர்ந்த சனிக்கிழமை

மாலை 4.32. மேப்பில் என் மகள் கயலின் வாட்ச் மறைந்தது. கடைசியாகக் காட்டிய இடம் பேரளிக்குப் பக்கம், இருபுறமும் பருத்திக்காடு.

பெரம்பலூரில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கயல் ஒன்பதாவது படிக்கிறாள். சனிக்கிழமைகளில் வாலிபால் பயிற்சிக்கு அரியலூர் போய்த் தனியாக பஸ்ஸில் திரும்புவாள். ஃபோன் கொடுக்க மனமில்லாமல் சிம் போடும் ஸ்மார்ட்வாட்ச் கட்டிவிட்டிருந்தேன்.

அந்த நேரம் கவுண்டரில், சார்ஜ் நிற்கவில்லை என்று செட்டிகுளத்துக்காரர் ஒருவர் தன் வாட்ச்சை நீட்டிக்கொண்டிருந்தார்.

"டிஸ்ப்ளே எப்பவும் எரியுதுங்க, அதை ஆஃப் பண்ணுங்க. ஹார்ட் ரேட் அரை மணிக்கு ஒருக்கா போதும். கை தூக்கினா லைட் வர்றதும் வேணாம்" என்றேன்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டா எங்க தாத்தா கட்டுன வாட்ச்சே போதுமேங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைக்கடியில் மேப்பை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

5.20 ஆகியும் கயல் வந்து சேரவில்லை. கோச்சைக் கூப்பிட்டேன்.

"நாலு மணி பஸ்ஸுல ஏத்திவிட்டேனேம்மா. இன்னுமா வரல?"

அந்த ரோட்டில் ஓடும் சிமென்ட் லாரிகள்தான் கண்ணுக்குள் வந்தன. கடையில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே நின்று, வேறு வழி தெரியாமல், ஆப்பில் பழைய பதிவுகளின் பட்டியலைத் தள்ளிப் பார்த்தேன். காலையிலிருந்து நான் 'லொகேஷன்' அழுத்தியது நாற்பத்தாறு முறை. அழுத்தும்போதெல்லாம் ஜிபிஎஸ் விழித்து, சிக்னல் தேடி, இடத்தை அனுப்பியிருக்கிறது. கஸ்டமர் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் காரணம் சொல்லியிருப்பேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. பிள்ளைகளின் வாட்ச்சில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று வந்தால், வாட்ச்சைக் கழற்றுவதற்கு முன் பெற்றவர்களின் ஃபோனை வாங்கி அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

6.40க்கு வேறொரு பஸ்ஸிலிருந்து கயல் இறங்கினாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். விட்டபிறகு அந்தப் பட்டியலைக் காட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை.

"பஸ் பிரேக்டவுன் ஆயிடுச்சும்மா. உன்னைக் கூப்பிடப் பாத்தேன், வாட்ச் ஆஃப். கண்டக்டர் அவர் ஃபோனைக் குடுத்தாரு, உன் நம்பர் எனக்கு மனப்பாடமா தெரியல."

பிறகு பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இத்தனை தடவை பாத்திருக்கியே, நான் கூப்பிடறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதாம்மா?"