உப்பளம் என்றொரு ஃபாண்ட்

டி.டி.பி. தொழிலில் எழுத்து ஒழுங்காக வந்தால் ஒருவரும் நம்மைத் தேட மாட்டார்கள். ஒரே ஒரு எழுத்து காணாமல் போகட்டும், வீடு தேடி வருவார்கள். புதுச்சேரியில், சாரம் பகுதியில் கடை போட்ட நான் மட்டுமா, இதைப் படிக்கும் சக டி.டி.பி. ஜீவன்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஜன்னல்

ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ரெனே சார், மகள் எலேனின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். தமிழும் பிரெஞ்சும் ஒரே ஃபாண்டில் வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்திருந்த 'முத்து' ஃபாண்டை எடுத்தேன். எலேன் பெயருக்கு வேண்டிய, தலையில் கோடு போட்ட இரண்டு பிரெஞ்சு எழுத்துகள் அதில் இல்லை. நானே வரைந்து சேர்த்தேன். ஃபாண்டின் பெயரை மட்டும் மாற்றவில்லை.

உப்பளம் பகுதியில் அச்சகம் வைத்திருக்கும் செல்வம் அண்ணனிடம் ஃபாண்டையும் சேர்த்தே சி.டி.யில் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டரில் பழைய முத்து ஏற்கெனவே இருந்ததால், என்னுடையதை ஏற்றாமலே அடித்துவிட்டார். கோடு போட்ட எழுத்துகள் வரவேண்டிய இடத்தில் காலிக் கட்டங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெனே சார் நிதானமாகக் கேட்டார்: "எம் பொண்ணு பேர்ல ரெண்டு ஜன்னல் வெச்சிருக்கீங்க, கதவு எங்கம்மா?"

பாதிப் பெயர்

மறுபடி அச்சடிக்க நாலே நாள். அன்றுதான் ஃபாண்டோடு வந்த உரிம விதிகளை முழுதாகப் படித்தேன். மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதற்கு 'முத்து' என்ற பெயர் மட்டும் ஆகாது. 'புதுவை முத்து' என்று வைத்து, சரிதானா என்று முத்துவை வரைந்தவருக்கு மெயில் போட்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. மறுநாளே பதில் வந்தது: "முன்னாடி புதுவை போட்டாலும் பின்னாடி நிக்கிறது முத்துதானே? நீங்க மாத்துனதுல தப்பு வந்தா என்னைத்தானே திட்டுவாங்க?"

முழுப் பெயர்

அச்சகம் இருக்கும் இடத்தையே வைத்து 'உப்பளம்' என்று மாற்றினேன். ஃபைலின் பெயரை மட்டுமல்ல, ஃபாண்ட் மெனுவில் தெரியும் பெயரையும்தான். செல்வம் அண்ணனுக்குக் கோபம். "புதுப் பேரெல்லாம் தேடிக்கிட்டிருக்க முடியாது. பழைய பேர்லயே குடு, இல்லன்னா வேற ஆளப் பார்த்துக்கிறேன்" என்றார். என் கடை வேலையில் பாதி அவர் அனுப்புவது. ஆனாலும் முடியவே முடியாது என்றேன்.

நேரில் போய், மெனுவில் உப்பளத்தை எடுத்துக் காட்டி, பக்கத்திலேயே நின்று அச்சடிக்க வைத்தேன். எலேன் கோடு குறையாமல் வந்தாள். செல்வம் அண்ணன் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம்மா அந்த முத்து, நாலு நாளா அதத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

எழுத்தைத் திருத்த எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது, பெயரைத் திருத்தத்தான் ஒரு கல்யாணமே தேவைப்பட்டது.